ஏழு பெருசா, எட்டு பெருசா? வீட்டிலேயே ஆடலாம் எண் சீட்டு!

வீட்டுக்கு விருந்தினர் வந்தால் போதும், "நூறு வரைக்கும் சொல்லிக் காட்டு கண்ணா" என்பார் அம்மா. யு.கே.ஜி குழந்தையும் மடமடவென ஒப்பித்துவிடும். அதே குழந்தையிடம், "ஏழு பெருசா, எட்டு பெருசா?" என்று கேட்டால் திருதிருவென விழிக்கும். "இதுகூடத் தெரியலையா?" என்று உடனே குரல் உயரும்.

உண்மையில் இவை இரண்டும் வேறு வேறு திறன்கள். வரிசையாகச் சொல்வது பாட்டை மனப்பாடம் செய்வது போல. எது அதிகம் என்று சொல்ல, ஒவ்வோர் எண்ணும் எத்தனையைக் குறிக்கிறது என்பது புரிய வேண்டும். அதற்கு ஓர் எளிய விளையாட்டு இருக்கிறது.

என்ன தேவை?

பழைய கல்யாணப் பத்திரிகைகள். ஒரே அளவில் 40 அட்டைகளாக வெட்டுங்கள். அச்சிடாத பக்கத்தில் 1 முதல் 10 வரை நான்கு செட் எழுதி, எண்ணுக்குக் கீழே அத்தனை புள்ளிகள் வையுங்கள். எல்லா எண்களும் ஒரே அளவில் இருக்கட்டும். இல்லாவிட்டால், பெரிதாக எழுதியதுதான் பெரிய எண் என்று குழந்தை நினைத்துவிடலாம்.

எப்படி ஆடுவது?

அட்டைகளைக் கலைத்து, ஆளுக்கு 20 எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் மேல் அட்டையைத் திருப்ப வேண்டும். பெரிய எண் வந்தவர், "எட்டு, அஞ்சைவிடப் பெருசு" என்று சொல்லிவிட்டு இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். சமமாக வந்தால் அடுத்த அட்டை முடிவு செய்யும். கடைசியில் இருவரும் ஜெயித்த அட்டைகளை அருகருகே வரிசையாக அடுக்கி, யாருடையது அதிகம் என்று குழந்தையே சொல்லட்டும். புதிதாக ஆடுபவர்களுக்கு 1 முதல் 5 வரை போதும்.

தப்பாகச் சொன்னால்?

2, 9 வந்தால் குழந்தை சட்டென்று சொல்லும். 7, 8 வந்தால் தயங்கும். திட்டாதீர்கள், பெரியவர்களுக்கும் அப்படித்தான். நெருங்கிய எண்களை ஒப்பிட மூளை சற்றுக் கூடுதல் நேரம் எடுப்பதை 1967-லேயே மோயர், லாண்டவர் என்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

பதிலை நீங்கள் சொல்லாமல், புள்ளிகளின் மேல் புளியங்கொட்டைகளை வைக்கச் சொல்லுங்கள். பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என ஜோடி சேர்க்கட்டும். மிச்சமிருக்கும் ஒரு கொட்டை எது பெரிது என்று சொல்லிவிடும். (கொட்டையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இது அதிர்ஷ்ட ஆட்டம் என்பதால் தாத்தாவும் பேத்தியும் சமம். யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஜெயிக்கும் ஆசையிலேயே கணக்கு மனதில் பதியும்.

அடுத்த முறை விருந்தினர் வந்தால் குழந்தையை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அவர்களோடு ஓர் ஆட்டம் போடச் சொல்லுங்கள்!