ஸ்டியரிங் பிடிக்கும் கைக்கு ஓய்வு எப்போது? சிம் ரேசிங் வீல் முதல் கொல்லிமலை வளைவுகள் வரை

பிளேஸ்டேஷன் வாங்கினால் கூடவே ஒரு பாதுகாப்புக் குறிப்பு வரும். ஒரு மணி நேரம் விளையாடினால் 15 நிமிடம் நிறுத்துங்கள் என்று அதில் இருக்கும். நிண்டெண்டோ 10 முதல் 15 நிமிடம் என்கிறது. களைப்பு தெரியாவிட்டாலும் நிறுத்தச் சொல்கிறது. நம்மில் பெரும்பாலானோர் அந்தத் தாளைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை.

இது சாதாரண கன்ட்ரோலருக்கான விதி. கையை எதிர்த்துத் திமிரும் ஸ்டியரிங் வீலுக்கு? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கூடவே இன்னொரு கேள்வியும் இருக்கு: விளையாட்டு ஸ்டியரிங்குக்கு ஓய்வு சொல்லும் நாம், நிஜ ஸ்டியரிங் பிடிப்பவருக்கு ஏன் அதைச் சொல்வதில்லை?

சிம் ரேசிங் வீல் என்றால் என்ன?

கார் பந்தயத்தைக் கணினியில் அப்படியே ஓட்டிப் பார்ப்பதுதான் சிம் ரேசிங். மேசையிலோ தனி இருக்கையிலோ ஸ்டியரிங்கைப் பொருத்தி, காலடியில் பெடல் வைத்து ஓட்டுவார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மோட்டார் இருக்கும். திரையில் கார் வளைவில் திரும்பினால் அது ஸ்டியரிங்கை இழுக்கும். சுவரில் மோதினால் வெடுக்கென்று திருப்பும். இதைத்தான் ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்கிறார்கள்.

இந்த இழுவிசையை நியூட்டன் மீட்டரில் சொல்வார்கள். புதிதாக வருபவர்கள் வாங்கும் லாஜிடெக் ஜி29 போன்ற வீல்கள் சுமார் 2 நியூட்டன் மீட்டர் தரும். ஃபனடெக் சிஎஸ்எல் டிடி 5 தரும். லாஜிடெக் ஜி புரோ 11, ஃபனடெக் போடியம் டிடி2 25.

இதைக் கிலோ கணக்கில் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீலின் விளிம்பில் 5 நியூட்டன் மீட்டர் என்பது சுமார் மூன்றரைக் கிலோ எடை இழுப்பதற்குச் சமம். 11 என்றால் ஏழரைக் கிலோ. 25 என்றால் 17 கிலோ. ஒரு கேஸ் சிலிண்டரில் இருக்கும் எரிவாயுவின் எடையே 14.2 கிலோதான். அதைவிட அதிகமான விசை, எந்தப் பக்கம் இழுக்கும் என்று முன்கூட்டியே தெரியாமல், மணிக்கட்டில் வந்து விழுகிறது. விசை முழு நேரமும் உச்சத்தில் இருக்காதுதான். ஆனால் காயம் ஏற்பட ஒரு வெட்டு போதும்.

அப்போ எவ்வளவு நேரம் ஓட்டலாம்?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. ஆனால் கேம் நிறுவனங்கள் சொல்லும் ஒரு மணி நேர விதியை உச்ச வரம்பாக வைத்துக்கொள்வது நல்லது. புதியவர்கள் 20, 30 நிமிடத்தில் ஆரம்பிக்கலாம்.

வீலின் பலத்தை முதல் நாளே முழுசா ஏற்றாதீர்கள். பாதிக்கும் கீழே வைத்து, உடம்பு பழகப் பழகக் கூட்டுங்கள். பலம் கூடினால் நிஜம் கூடும் என்பது பாதிதான் உண்மை. ஃபார்முலா 2 காரில் பவர் ஸ்டியரிங் கிடையாது, அங்கே இழுப்பு அதிகம். பவர் ஸ்டியரிங் உள்ள நம்ம ஊர் காரை 20 நியூட்டன் மீட்டர் வீலில் ஓட்டிக் கையை நோகடித்துக்கொள்வதில் எந்த நிஜமும் இல்லை.

கட்டைவிரலை வீலின் குறுக்குக் கம்பிக்குள் கொக்கி போட்டுப் பிடிக்காதீர்கள். வீல் வெடுக்கென்று திரும்பும்போது முதலில் மாட்டுவது அதுதான். மோதப் போகிறது என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். நிஜப் பந்தய ஓட்டுநர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

ஓய்வு என்றால் போனை எடுத்து ரீல்ஸ் பார்ப்பது இல்லை. எழுந்து நடக்கணும், கையை உதறணும், தண்ணீர் குடிக்கணும், தூரத்தில் இருக்கும் எதையாவது பார்க்கணும். விரல் மரத்துப்போவது, மணிக்கட்டில் சுருக்கென்று குத்துவது, தலைசுற்றல், குமட்டல் என எது வந்தாலும் அன்றைக்கு அத்தோடு சரி. வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டைரக்ட் டிரைவ் வீல்களில் மோட்டார் அதிகம் சூடானால் கருவி தானாகவே விசையைக் குறைத்துக்கொள்ளும். மெஷினுக்கு எப்போது ஓயணும் என்று தெரிகிறது. மனுஷனுக்குச் சொல்வதற்குத்தான் அதில் ஏற்பாடு இல்லை. விசையைத் துல்லியமாக அளந்து திரையில் காட்டத் தெரிந்த நிறுவனங்களுக்கு, ஒரு மணி நேரத்தில் அடிக்கும் அலாரத்தைச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. அணைத்தால் மட்டுமே அணையும் வகையில், வாங்கும்போதே அது இயங்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை புதுசும் இல்லை. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 பிப்ரவரியில் மாநில அரசு கொண்டுவந்த விதிகளில், ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை எச்சரிக்கை காட்ட வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்நுழைய விடக் கூடாது என்று இருந்தது. அந்த விதிகள் செல்லும் என்று அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிம் ரேசிங் சூதாட்டம் இல்லை. அதனால் தடை தேவையில்லை, நினைவூட்டல் போதும்.

பந்தயக்காரர்களே மாறி மாறித்தான் ஓட்டுகிறார்கள்

‘ரேஸ் டிரைவர்கள் மணிக்கணக்கில் ஓட்டுறாங்களே’ என்று சிலர் கேட்பார்கள். லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில், எந்த 6 மணி நேரத்தை எடுத்தாலும் ஒருவர் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தமாக 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 2025 ஜனவரியில் நடிகர் அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் 991 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது நினைவிருக்கும். அங்கேயும் ஓட்டுநர்கள் மாறி மாறித்தான் ஓட்டினார்கள். ஓய்வு எடுத்து ஓட்டுவது பந்தயத் திட்டத்தில் ஒரு பகுதி. அதை யாரும் பலவீனமாகப் பார்ப்பதில்லை.

இப்போ கொல்லிமலைக்கு வருவோம்

நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை, தேவனூர் நாடு. இங்கே ‘நாடு’ என்பது ஊராட்சியின் பெயரோடு வருவது. சிம் ரேசிங் வீல் பிடிக்கும் கைகளைவிட நிஜ ஸ்டியரிங் பிடிக்கும் கைகள்தான் இந்த மலையில் அதிகம். மிளகும் வாழையும் பலாவும் கீழே போகணும். மளிகையும் சிமென்ட்டும் மேலே வரணும். பெரிய ஆஸ்பத்திரி என்றால் நாமக்கல் போகணும். காரவள்ளி அடிவாரம் வழியாகப் போனால் நடுவில் இருப்பவை 70 கொண்டை ஊசி வளைவுகள்.

ஒருமுறை போய்த் திரும்பினால் 140 வளைவுகள். ஒரே நாளில் இரண்டு நடை என்றால் 280. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை முழுசா ஒடித்து, நேராக்கி, கியர் மாற்றி, எதிரே ஏறி வரும் வண்டிக்கு இடம் விடணும். திரையில் தப்பு செய்தால் மறுபடி தொடங்கலாம். இங்கே அந்த பட்டன் கிடையாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஓட்டுநரின் கையையும் கண்ணையும் நம்பித்தான் வருகிறார்கள்.

இவருக்கு ஓய்வு விதி உண்டா? உண்டு. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 5 மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி நேர ஓய்வு கட்டாயம் என்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவும் இந்த வேலை நேரத்தைத்தான் சொல்கிறது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு. லாரியில் இருக்கும் டேக்கோகிராஃப் கருவி அதைப் பதிவு செய்துவிடும்.

இங்கே பிரச்சினை சட்டத்தில் இல்லை, கணக்கில் இருக்கு. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அரை மணி நேர ஓய்வு என்பது வருமான இழப்பு. ‘கொஞ்சம் படுத்துட்டுப் போறேன்’ என்று சொன்னால் வண்டிக்காரர் முகம் மாறும். அதோடு, 5 மணி நேரத்துக்கு ஒரு ஓய்வு என்ற விதி நெடுஞ்சாலைக்கும் 70 வளைவுக்கும் ஒன்றுதான். விளையாட்டுக்கு ஒரு மணி நேரம் என்றால், மலைப்பாதைக்கு 5 மணி நேரம் என்பது எந்த ஊர் நியாயம்?

என்ன செய்யலாம்?

லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர் நாமக்கல். அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையமும் அங்கே இருக்கு. 2021 ஜூலையில் அமலுக்கு வந்த மத்திய அரசு விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் சிமுலேட்டர் இருந்தாக வேண்டும். கனரக வாகனப் பயிற்சி 6 வாரத்தில் 38 மணி நேரம். அதாவது நாளைக்கு லாரி ஓட்டப்போகும் இளைஞர் ஸ்டியரிங்கைப் பழகும் இடங்களில் சிமுலேட்டரும் ஒன்று.

ஓய்வுப் பழக்கத்தையும் அங்கேயே தொடங்கலாம். குறிப்பிட்ட நேரம் ஓட்டியதும் திரை தானாக நிற்கட்டும். களைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதும் பாடமாகட்டும். சிமுலேட்டரிலிருந்து எழுந்த கையோடு பைக்கை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்காரவும் சொல்லித் தரட்டும். வீட்டில் சிம் ரேசிங் ஓட்டுபவர்களுக்கும் இது பொருந்தும். திரையில் 200 கிலோமீட்டர் வேகத்தில் போய்விட்டு வந்த மூளைக்கு, நிஜ ரோட்டில் 60 மெதுவாகத் தெரியும்.

மலைப்பாதைக்குத் தனி ஓய்வு வரம்பு வேண்டும். மணி நேரத்தோடு நடைக் கணக்கும் அதில் சேரணும். செம்மேட்டிலும் காரவள்ளியிலும் ஓட்டுநர்கள் காலை நீட்டிப் படுக்க, முகம் கழுவ வசதியான இடம் வேண்டும். ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டு என்றால்தான் இதெல்லாம் நடக்கும். இல்லையென்றால் இதுவும் பெட்டிக்குள் கிடக்கும் அந்தக் குறிப்புத் தாள் மாதிரிதான்.

‘வேலையிலேயே பத்து மணி நேரம் ஓட்டுறவங்க இருக்காங்க, கேமுக்கு எதுக்கு ஓய்வு?’ என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியைத் திருப்பித்தான் போடணும். கேமுக்கே ஓய்வு வேண்டும் என்றால், 70-வது வளைவில் நம்மைச் சுமந்து வருபவருக்கு எவ்வளவு வேண்டும்?