காதல் கலப்படமன்று: இறுகிய நடைத் துப்பறியும் நாவல் குறித்த ஒரு மறுப்பு

முன்னுரை

துப்பறியும் நாவல் குறித்துத் தமிழாய்வுலகில் இரண்டு தீர்ப்புகள் நெடுங்காலமாக நிலவி வருகின்றன. அது வணிக எழுத்து, ஆதலின் ஆய்வுக்குரியதன்று என்பது முதலாவது. துப்பறியும் கதையில் இடம்பெறும் காதல், வாசகரை ஈர்ப்பதற்காகச் சேர்க்கப்படும் கலப்படம் என்பது இரண்டாவது. முதல் தீர்ப்பு இன்று பெரிதும் தளர்ந்துள்ளது. வெகுசன எழுத்தை ஆராய்தல் தகும் என்பதை ஏற்போர் பலர். இரண்டாவது தீர்ப்போ, அவ்வாறு ஏற்றுக்கொண்டோராலும் கேள்வியின்றி வழிமொழியப்படுகின்றது. துப்பறியும் நாவலை ஆராயப் புகுவோர் ‘துப்பறியும் கூறுகள்’ என ஓர் இயலும் ‘காதற் கூறுகள்’ என ஓர் இயலுமாகப் பிரித்து, இரண்டிற்கும் இடையே உள்ள உறவைத் தொடாமலே முடிவுரைக்குச் சென்றுவிடுகின்றனர்.

இத்தீர்ப்பு பிழையானது. குறிப்பாக, அமெரிக்காவில் 1920களில் உருவாகி ‘ஹார்ட்பாயில்டு’ எனப் பெயர்பெற்ற துப்பறியும் நாவல் வகைக்கு இது சற்றும் பொருந்தாது. நெடுநேரம் அவித்த முட்டையைப் போல உள்ளம் இறுகிய துப்பறிவாளனைக் கொண்டது என்பது அப்பெயரின் பொருள். அதன் நடையும் இறுகியதே. அந்நடையில் எழுதப்பட்ட காதல் மர்ம நாவல்களில் காதல் புலனாய்வின் இடையே வரும் இளைப்பாறல் அன்று. புலனாய்வுக்கு விலை நிர்ணயிப்பதே காதல்தான்.

விதியும் விதியை வகுத்தோரும்

காதல் கூடாது என்னும் விதி மேலை நாட்டிலிருந்து வந்தது. எஸ். எஸ். வான் டைன் 1928இல் வெளியிட்ட இருபது விதிகளுள் மூன்றாவது, துப்பறியும் கதையில் காதலுக்கு இடமில்லை என்பதாகும். குற்றவாளியை நீதியின் முன் நிறுத்துவதே கதையின் வேலை, காதலரை மணவறையில் நிறுத்துவதன்று என்பது அவர் கருத்து. அதே 1928இல் டோரதி சேயர்ஸ் தாம் தொகுத்த கதைத்தொகுதியின் முன்னுரையில் ஏறத்தாழ இதே கருத்தைக் கூறினார். ஆனால், இரண்டே ஆண்டுகளில் அவர் எழுதிய ‘ஸ்ட்ராங் பாய்சன்’ (1930) நாவலில், கொலைக்குற்றம் சாட்டப்பட்டு நீதிமன்றத்தில் நிற்கும் பெண்ணிடமே துப்பறிவாளர் தம் மனத்தைப் பறிகொடுக்கின்றார். விதியை உரைத்தவரே அதனைக் கடந்த பின்னும், விதி மட்டும் மேற்கோளாக உலவுகின்றது.

இறுகிய நடையின் பேராசானாகக் கருதப்படும் ரேமண்ட் சாண்ட்லரின் கருத்தும் இவ்வாறே பாதி மட்டும் எடுத்தாளப்படுகின்றது. மர்ம நாவல் குறித்த தம் குறிப்புகளில், காதல் பெரும்பாலும் மர்மத்தை வலுவிழக்கச் செய்யும் என அவர் எழுதியது உண்மை. துப்பறிவாளனுக்கே நேரடியான ஆபத்தை விளைவிக்கும் காதல் மட்டும் பயன்தரும் என அவர் அதனோடு சேர்த்தே கூறியுள்ளார். முதற்பகுதி தடை, இரண்டாம் பகுதி எழுதும் முறை. தடையை மனப்பாடம் செய்து, முறையைக் கைவிட்டதே திறனாய்வின் குறை. நல்ல துப்பறிவாளன் மணம் புரிவதில்லை என்ற சாண்ட்லரும் தம் துப்பறிவாளன் மார்லோவை ‘பிளேபேக்’ (1958) நாவலின் முடிவில் மணத்தின் வாயிலில்தான் நிறுத்தினார். 1959இல் அவர் இறந்தபோது முற்றுப்பெறாமல் நின்ற நாவலில் மார்லோ மணமானவன்.

மெய்ப்பாடாக வெளிப்படும் காதல்

டேஷியல் ஹாமெட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1930) இவ்வகையின் தலையாய சான்று. பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்தில் பணியாற்றிய பட்டறிவு உடையவர் ஹாமெட். இந்நாவலில் ஆசிரியர் எந்தப் பாத்திரத்தின் உள்ளத்திற்குள்ளும் நுழைவதில்லை. முகம், கை, குரல், செயல் ஆகியன மட்டுமே வாசகருக்குக் காட்டப்படுகின்றன. தொழிற்கூட்டாளி கொலையுண்ட செய்தியைத் தொலைபேசியில் கேட்டபின் ஸ்பேடு என்னும் துப்பறிவாளன் துயருற்றானா, இல்லையா என ஆசிரியர் கூறவில்லை. அவன் விரல்கள் சிகரெட்டுத் தாளில் புகையிலையைப் பரப்பிச் சுருட்டும் செயலை மட்டும் நுணுக்கமாக விவரிக்கின்றார்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பயின்ற எவருக்கும் இம்முறை அயலானதாகத் தோன்றாது. உள்ளத்து நிகழ்வு புறத்தார்க்குப் புலப்படுமாறு உடம்பின்வழி வெளிப்படுவதே மெய்ப்பாடு. அகப்பாடலில் புலவர் தம் கூற்றாகக் காதலை விளக்குவதில்லை. தலைவியோ, தோழியோ, தலைவனோ பேசுவர். வளை நெகிழ்வதும் பசலை படர்வதும் எஞ்சியதை உணர்த்தும். இதனால் சங்கப் பாடல்களில் துப்பறியும் கதை இருந்தது என வாதிடுவது நகைப்பிற்கிடமாகும். ‘எல்லாம் இங்கு முன்பே உண்டு’ என்னும் பழைய பல்லவியை மீண்டும் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வகை நாவலைப் படிப்பதற்கான கருவி தமிழ்த் துறைகளின் கையில் ஏற்கெனவே உள்ளது என்பதே கருத்து. கருவி இருந்தும் பயன்படுத்தாதது அக்கறையின்மையே ஆகும்.

அக்கருவியைக் கொண்டு ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ நாவலின் முடிவை நோக்கினால், அதன் உண்மையான மர்மம் எதுவெனப் புலப்படும். பிரிஜிட் என்னும் பெண்ணே தன் கூட்டாளியைக் கொன்றவள் எனக் கண்டறிந்த ஸ்பேடு, அவளைக் காவல்துறையிடம் ஒப்படைக்கின்றான். ஒப்படைப்பதற்கான காரணங்களை ஒன்று, இரண்டு என எண்ணி அடுக்குகின்றான். தராசின் மறுதட்டில் வைக்க அவனிடம் இருப்பது, ஒருவேளை இருவரும் ஒருவரையொருவர் காதலிக்கலாம் என்னும் ஐயம் ஒன்றே. கொலைகாரர் யார் என்ற வினா விடைபெற்றுவிட்டது. ஸ்பேடு அவளைக் காதலித்தானா என்ற வினாவோ இறுதிவரை விடைபெறவில்லை. மறுநாள் காலை, அவன் செய்தது சரியென அறிந்தும், அலுவலக உதவியாளர் எஃபி அவனது தொடுகையை விலக்குகின்றாள். நீதி நிறைவேறியது, அதன் விலையையும் வாசகர் கண்டுவிட்டனர். இதிலிருந்து காதலை நீக்கினால் எஞ்சுவது ஒரு பறவைச் சிலையைத் தேடிய கதை மட்டுமே.

பெண்ணின் கூற்று

இதற்கு எதிராக வலுவான தடையொன்றை எழுப்பலாம். இவ்வகை நாவல்களில் காதலிக்கப்படும் பெண் வஞ்சகியாகவே வருகின்றாள். ஆணின் ஆசைக்கும் அச்சத்திற்கும் அவளே பலியாகின்றாள் என்பது அது. இத்தடை பெரும்பாலும் நியாயமானது. பிரிஜிட்டின் உள்ளத்தை அவள் வாய்மொழியாக வாசகர் என்றும் அறிவதில்லை. ஜேம்ஸ் எம். கெய்ன் எழுதிய ‘தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் டுவைஸ்’ (1934) நாவலிலும் பேசுபவன் ஆணே. ஆயின், இக்குறையைக் களைந்தோரும் இவ்வகைக்குள்ளேயே இருந்தனர்; அவர்கள் பெண் எழுத்தாளர்கள்.

வேரா காஸ்பரியின் ‘லாரா’ (1943) அவற்றுள் முதன்மையானது. தன் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டதாகக் கருதப்படும் லாராவின் வழக்கை மெக்ஃபர்சன் என்னும் காவல்துறைத் துப்பறிவாளர் விசாரிக்கின்றார். அவளது உருவப்படத்தையும் உடைமைகளையும் நோக்கி நோக்கி, இறந்தவளிடமே மனத்தை இழக்கின்றார். அந்நிலையில் லாரா உயிருடன் வீடு திரும்புகின்றாள். இறந்தவள் வேறொரு பெண். அக்கணத்திலேயே, காதலிக்கப்பட்டவள் ஐயத்திற்குரியவளாக மாறுகின்றாள். காதலும் ஐயமும் ஒரே முகத்தின்மேல் படிவதால், துப்பறிவாளர் தாம் திரட்டும் ஒவ்வொரு சான்றையும் அஞ்ச வேண்டியவராகின்றார்.

இந்நாவலின் அமைப்பு கூற்று முறையினது. முதலில் வால்டோ என்னும் பத்தி எழுத்தாளர் அலங்கார நடையில் லாராவைப் படைத்துக் காட்டுகின்றார். அடுத்து மெக்ஃபர்சன் எளிய, இறுகிய நடையில் பேசுகின்றார். லாராவை மணக்கவிருந்தவனின் வாக்குமூலம் சுருக்கெழுத்துப் பதிவாக இடம்பெறுகின்றது. அதன்பின் லாராவே பேசுகின்றாள். ஆண்கள் எழுதிய லாரா வேறு, லாரா சொல்லும் லாரா வேறு என்பது அப்போது தெளிவாகின்றது. அவளை மிக அழகாக வருணித்த வால்டோவே கொலைகாரர். தன் கற்பனைக்குள் அடங்க மறுத்த பெண்ணை அழிக்க முற்பட்டவர் அவர். காதல் மொழி எப்போது உடைமை மொழியாகின்றது என்பதை நடைவேறுபாட்டின் வாயிலாகவே இந்நாவல் துப்பறிந்து காட்டுகின்றது.

டோரதி பி. ஹியூஸின் ‘இன் எ லோன்லி பிளேஸ்’ (1947) இதன் மறுதலை. இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், பெண்களைக் கொல்லும் டிக்ஸ் ஸ்டீலின் நோக்கிலேயே கதை நகர்கின்றது. அவன் லாரல் என்னும் பெண்ணைக் காதலிப்பதாக நம்புகின்றான். அவனது நண்பர் காவல்துறைத் துப்பறிவாளர். எனினும் அவனை முதலில் இனங்கண்டுகொள்வோர் அந்நண்பரின் மனைவியும் லாரலுமே. 1950இல் வெளிவந்த திரைப்படம் அவனைக் கொலைகாரன் அல்லன் என மாற்றியது. காதலைக் காப்பாற்ற வேண்டிக் குற்றத்தை நீக்கிய அம்மாற்றம், நாவலில் இவை இரண்டும் எவ்வளவு இறுகப் பிணைந்துள்ளன என்பதற்குச் சான்றாகும்.

தமிழ்ச் சூழல்

தமிழில் துப்பறியும் நாவல் தொடக்கத்திலேயே காதலோடு பிறந்தது. ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ (1908) காதலையும் கொலை வழக்கையும் துப்பறியும் கோவிந்தனையும் ஒருங்கே கொண்டது. வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவ்வழியை மேலும் விரித்தார். ஆயினும், 1980களின் மாத நாவல் பெருக்கத்தில் காதலும் துப்பும் பெரிதும் பிரிந்தே நின்றன. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி ஆகிய இணைகள் வாசகர் மனத்தில் இடம்பெற்றவை. அவர்களின் உரையாடற் சுவை மறுக்கத்தக்கதன்று. எனினும், அங்குக் காதல் பெரும்பாலும் கேலிப்பேச்சாகவே நின்றுவிடுகின்றது. அது வழக்கின் முடிவை மாற்றுவதில்லை, துப்பறிவாளரைக் காயப்படுத்துவதுமில்லை. அடுத்த மாத நாவலுக்கு அவர்கள் பழுதின்றித் திரும்ப வேண்டும் என்பதே அதன் காரணம்.

விதிவிலக்குகளும் உண்டு. சுஜாதாவின் ‘கரையெல்லாம் செண்பகப்பூ’ நாவலில், நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்திற்கு வரும் ஆய்வாளன் கல்யாணராமன், அக்கிராமத்துப் பெண் வெள்ளியிடம் மனம் செலுத்துகின்றான். அவன் தங்கிய ஜமீன் மாளிகையைச் சுற்றி மர்மமும் கொலையும் சூழ்கின்றன. பதிவு செய்ய வந்தவன் பங்குகொள்பவனாகின்றான். ஆய்வாளன் ஒருவனையே நாயகனாகக் கொண்ட இந்நாவலையும் ‘வணிக எழுத்து’ என்னும் ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவது, படிக்காமல் இருப்பதற்குத் தேடிக்கொண்ட சாக்கு.

இத்தகைய எழுத்தில் ஈடுபட விரும்பும் இளைஞர் இன்றும் வகுப்பறைகளில் உள்ளனர். அவர்களிடம் ‘காதலை விலக்குக’ எனக் கூறுவதால் பயனில்லை. கூற வேண்டியவை வேறு. காதல் சான்றினைத் தீண்ட வேண்டும். காதலிப்பதாலேயே துப்பறிவாளர் ஒன்றைக் காணத் தவற வேண்டும், அல்லது காண விரும்பாததைக் காண வேண்டும். உணர்ச்சியைப் பெயர்சொல்லி அறிவிக்காமல் மெய்ப்பாட்டால் உணர்த்த வேண்டும். இறுகிய நடை என்பது உவமைகளை அள்ளித் தெளிப்பதோ வசைச்சொற்களை அடுக்குவதோ ஆகாது. காதலிக்கப்படுபவருக்கும் கூற்று வேண்டும். முடிவில் உண்மை வெளிப்படும்போது எவரேனும் ஒருவர் எதையேனும் இழக்க வேண்டும். இழப்பில்லாத முடிவு புதிருக்கு விடையாகலாம், நாவலாகாது.

முடிவுரை

காதலைத் துப்பறியும் நாவலின் கலப்படமாகக் கருதும் தீர்ப்பு, விதிகளைப் படித்து நாவல்களைப் படிக்காததால் விளைந்தது. ஹாமெட், காஸ்பரி, ஹியூஸ் ஆகியோரின் படைப்புகள் அதனை மறுக்கின்றன. களவு என்னும் சொல்லால் திருட்டையும் மறைவான காதலையும் ஒருங்கே குறித்த மொழியில் இம்மறுப்பு எழுதப்பட வேண்டியிருப்பதே வியப்பிற்குரியது. ‘துப்பறியும் கூறுகள்’, ‘காதற் கூறுகள்’ எனப் பிரித்த இரண்டு இயல்களையும் ஓரியலாக்கிப் படிப்பது ஆய்வாளரின் கடன். அவ்வாறு படிக்கும் வரையில், தமிழில் இவ்வகை நாவல் வளரவில்லை என வருந்தும் உரிமை தமிழாய்வுக்கு இல்லை.