பாட்டில் பிழை உண்டோ?

ஆங்கிலப் பாட்டைக் கேட்டு ஆங்கிலம் கற்றல் ஆகாது என்பார் உளர். பாட்டில் இலக்கணம் இல்லையாம். பிழை மலிந்து கிடக்கின்றதாம். பாடி மகிழ்ந்து மறந்துவிடுதலே நன்றாம். ஐயம் எழுப்பும் மாணவனை ‘அது பாட்டு, அப்படித்தான் இருக்கும்’ என்று அமர்த்திவிடுகின்றனர். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்வொரு விடை இழைக்கும் தீங்கு சிறிதன்று.

1885ஆம் ஆண்டில் அம்மலையை அளந்த பிரித்தானியர் வில்லியம் கேமரனின் பெயரையே அது இன்றும் தாங்கி நிற்கின்றது. 1929இல் போ தோட்டம் தோன்றியது. (‘போ’ என்னும் பெயர் தமிழ்ச் செவிக்கு ஏவலாக ஒலித்தும் தமிழர் போய்விடவில்லை.) அங்குக் கொழுந்து பறித்த தமிழரின் வழிவந்த பிள்ளைக்கு வீட்டுமொழி தமிழ், இடைநிலைப் பள்ளியின் மொழி மலாய், ஆங்கிலமோ மூன்றாவது. லயத்தில் ஆங்கிலம் பேசுவார் அரியர். ஆங்கிலப் பாட்டு மட்டும் வானொலி வழியும் கைப்பேசி வழியும் வீட்டுக்குள் வருகின்றது. அதனையும் பிழையென்று தள்ளிவிட்டால் அப்பிள்ளை எங்கே போவான்?

அவன் கேட்கும் வினா எளியதும் அன்று. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1965இல் வெளியிட்ட ‘ஐ கான்ட் கெட் நோ சாடிஸ்ஃபேக்ஷன்’ என்னும் பாட்டின் தலைப்பிலேயே இரண்டு எதிர்மறைகள் நிற்கின்றன. தமிழில் ‘இல்லாமல் இல்லை’ என்றால் உண்டு என்பதே பொருள். அங்ஙனமாயின் பாடுபவனுக்கு மனநிறைவு கிட்டிவிட்டதா என்று தோட்டத்துச் சிறுவன் கேட்பானாயின், அது அறியாமையா? பின்னாளில் இலண்டன் ஆயரான இராபர்ட் லோத் தம் ஆங்கில இலக்கண நூலில் வகுத்த விதியும் அதுவேயன்றோ! ஆனால் 14ஆம் நூற்றாண்டுப் புலவர் சாசரோ எதிர்மறைகளை அடுக்கி அழுத்தம் தந்தவர். பொதுமக்கள் பேச்சில் அவ்வழக்கு இன்றும் மறையவில்லை. பாட்டு அதனை எடுத்தாள்கின்றது. இதனைச் சொல்ல ஐந்து நிமையம் போதும். சொல்லாத ஆசிரியர், சிறுவன் தானே கண்ட விதியையும் அவன் கையினின்று பறிக்கின்றார்.

எல்விஸ் பிரெஸ்லி 1956இல் பாடிய ‘லவ் மீ டெண்டர்’ பாட்டையும் காண்க. இலக்கணப்படி ‘டெண்டர்லி’ என வினையடையாக வரவேண்டும் என்பர். 1861இல் எழுந்த ‘ஆரா லீ’ என்னும் பழைய பாட்டின் மெட்டிலே அது அமைந்தது. ‘டெண்டர்லி’ என்றால் ஓரசை மிகும். ‘வாண்ட் டு’ என்பது ‘வானா’ எனக் குறுகுவதையும் பாட்டுகளில் கேட்கலாம்.

இவையெல்லாம் தமிழனுக்குப் புதுமையா? வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் என்று செய்யுள் விகாரத்தை நன்னூலார் பெயரிட்டு வகுத்து எண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன. சொற்கள் இடம்மாறிக் கிடப்பின் கொண்டுகூட்டிப் பொருள் காண்க என்றனர். பாட்டு வழுவியது என்று அவர்கள் முகம் சுளிக்கவில்லை. எங்கே, எதற்காக, எவ்வளவு வழுவலாம் என்று வரம்பு கட்டினர்.

தேர்வுத்தாளில் ‘வானா’ என்று எழுதினால் மதிப்பெண் போகுமே என்பார்க்கு ஒன்று கூறலாம். போகும், ஆதலாற்றான் அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிள்ளைக்குச் சொல்லவேண்டும். வாய்மூடச் செய்வதால் அவ்வேறுபாடு விளங்காது.

2011இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் ஆங்கிலப் பாடத்தில் மொழிக்கலை என ஒரு பகுதி வைத்துப் பாட்டையும் சந்தக் கவிதையையும் புகுத்தியது. வகுப்பில் பாடவைப்பது, பொருள் கேட்டால் அடக்குவது என்றால் அஃது என்ன கல்வி? அதே பள்ளியில், அடுத்த பாடவேளையில், அதே பிள்ளை திருக்குறளின் சொற்களை உரைநடை முறைக்கு மாற்றிப் பொருள் காண்கின்றான். அங்கே அவன் ஐயம் எழுப்பினால் அறிவாளி. இங்கே எழுப்பினால் அதிகப்பிரசங்கி. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அமர்ந்து தேநீர் பருகுவது ஒரே அறையில்தான்.