வன்னியின் செப்புக்காசு: சான்றா, சரக்கா?

வன்னிப் பெருநிலப்பரப்பு மக்களுக்கு உலோகம் கண்டறியும் கருவி முதலில் அறிமுகமானது கண்ணிவெடி அகற்றுவோர் கையிலேயாகும். 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின்னரும், 2009 இல் போர் முடிவுற்ற பின்னரும், அக்கருவியின் துணையுடனேயே வயலும் வளவும் மீளக் கிடைத்தன. இன்று அவ்வகைக் கருவியைப் புதையல் தேடுவோரும் கைக்கொள்கின்றனர். பொன்னை நாடித் தோண்டுபவனுக்குப் பச்சைக் களிம்பேறிய செப்புக்காசு அகப்படுவதுண்டு. அது புளியிட்டுத் தேய்க்கப்படுகின்றது. எந்த அரசனுடையது, என்ன விலை பெறும் என்னும் இரு வினாக்களுடன் கைமாறுகின்றது. இவ்விரண்டிற்கும் முன்னர் எழவேண்டிய வினா ஒன்றுண்டு: அக்காசு எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடந்தது? இவ்வினாவைக் கேளாதார் கையில் காசு வெறும் செம்பாகிவிடுகின்றது.

தேய்ந்த காசை இனங்காண்பது ஊகத்தொழில் அன்று. எடை, விட்டம், தடிப்பு, விளிம்பின் அமைப்பு, வார்க்கப்பட்டதா அச்சடிக்கப்பட்டதா என்பன முதலில் குறிக்கப்படல் வேண்டும். பின்னர்ச் சாய்ந்த ஒளியில் எஞ்சியுள்ள கோடுகளைத் தேடல் வேண்டும். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பின்னிய எழுத்து முத்திரையோ, ஆங்கிலேயர் 1802 முதல் வெளியிட்ட காசுகளின் யானையோ, 1870 எனப் பொறித்த காசுகளின் பனைமரமோ ஓரளவு தேய்ந்தபின்னும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இடர்ப்பாடு அதற்கு முற்பட்ட காலத்திலேயே உள்ளது. ஒருபுறம் நிற்கும் மனித உருவும் மறுபுறம் அமர்ந்த உருவும் கொண்ட காசில் அரசன் பெயர் நாகரி எழுத்தில் அமைந்திருக்கும். அவ்வெழுத்துத் தேய்ந்தால், அது முதலாம் இராசராச சோழனுடையதா, பொலன்னறுவையை ஆண்ட பராக்கிரமபாகுவினுடையதா என்று துணிதல் அரிது. புளியும் எலுமிச்சஞ்சாறும் களிம்போடு சேர்த்துக் கரைத்துவிடுவது அந்த எழுத்தின் எச்சத்தையே.

இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. சோழர் காசின் அமைப்பைப் பொலன்னறுவை மன்னர் தழுவினர். அந்நிற்கும் உருவே யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக் காசிலும் தொடர்ந்தது. அதன் மறுபுறத்தில் படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்னும் தமிழ்ச்சொல்லும் இடம்பெற்றன. காசடித்தவன் அயலான் காசைப் பார்த்தே அடித்தான், சந்தையில் அது செல்லவேண்டும் என்பதற்காக. அத்தகைய காசொன்றைக் கையில் ஏந்தி, இம்மண் எமக்கே உரியது என்று இரு மொழியிலும் முழங்குவோர், காசு என்பது கைமாறுவதற்கே பிறந்தது என்னும் எளிய உண்மையை மறந்தவராவர். பிற்கால உரோமச் செப்புக்காசுகள் இலங்கையின் பல பாகங்களிலும் கிடைத்துள்ளன. அதுகொண்டு உரோமர் இங்கு ஆண்டனர் என எவரும் சொல்வதில்லை.

அவ்வாறாயின் காசு எதனையும் நிறுவாதா? நிறுவும், ஆனால் தனியொரு காசாக அன்று. சேதுக் காசுகள் இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையவை எனக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. அக்கருத்தை மாற்றியது எவருடைய இனப்பற்றுமன்று. அக்காசுகள் யாழ்ப்பாணப் பகுதியில் மிகுதியாகக் கிடைத்தமையும், ஆரியச்சக்கரவர்த்திகளுடன் தொடர்புடைய கொட்டகமக் கல்வெட்டில் அதே சொல் காணப்பட்டமையுமே அதனை மாற்றின. 1924 இல் வெளிவந்த கொட்றிங்டனின் இலங்கை நாணயங்கள் பற்றிய நூலும் அவற்றை யாழ்ப்பாண மன்னருக்கே உரியனவாகக் கொண்டது. கிடைத்த இடம் அறியப்பட்டிராவிடின் அவ்வழக்கு இன்றுவரை தீர்ந்திராது. கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரியின் தொன்மையை ப. புஷ்பரட்ணம் 1993 இல் நூலாக்க முடிந்ததும், சான்றுகளை இடம் இடமாகத் தேடியமையாலேயே ஆகும்.

இங்கு ஒரு மறுப்பு எழும். அரசிடம் கொடுத்தால் காசு மறையும், அல்லது எமக்கெதிராகத் திரிக்கப்படும் என்பர். இவ்வச்சம் காரணமற்றதன்று. முல்லைத்தீவுக் குருந்தூர்மலையில் 2021 ஜனவரியில் அகழ்வு தொடங்கியபோது அமைச்சரே முன்னின்றார். பிணக்கு நீதிமன்றம்வரை சென்றது. தொல்லியல் ஆய்வு மத நிறுவலின் முன்னோடியாகத் தோன்றுமிடத்து மக்கள் அதனை நம்பமாட்டார். இதற்கான பழி மக்களுடையதன்று. ஆயினும் திரிப்புக்கு மறுமொழி திருட்டு ஆகாது. பதிவின்றி விற்கப்படும் ஒவ்வொரு காசும், திரிப்பவனை மறுக்கக்கூடிய சான்றொன்றை அழித்துவிடுகின்றது. புதையல் தோண்டுபவன் தன் ஊரின் சாட்சியையே விலைபேசுகின்றான்.

சட்டமும் போதியதன்று. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம், அனுமதியின்றித் தோண்டுதலைக் குற்றமாக்கி, கண்டெடுத்ததை அறிவிக்குமாறு பணிக்கின்றது; மண்ணுள் மறைந்த தொல்பொருளை அரசின் உடைமையாக்குகின்றது. கண்டெடுத்தவனின் நாவை அச்சம் கட்டிவிடுகின்றது. இங்கிலாந்திலோ 1997 முதல், உழவரும் கருவியேந்தி அலைவோரும் தாம் கண்டவற்றைத் தாமாகவே பதிவுசெய்யும் திட்டம் நடைமுறையில் உள்ளது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அதில் பதிவாகியுள்ளன. அந்நாட்டின் தேடும் உரிமையை இங்கு இரவல் பெறவேண்டியதில்லை. வெடிபொருள் எஞ்சிய மண்ணில் அது உயிருக்கே உலையாகும். இரவல் பெறவேண்டியது பதிவை மட்டுமே.

அப்பணி யாழ்ப்பாணம், வவுனியாப் பல்கலைக்கழகங்களுக்கு உரியது. குளம் திருத்துவோரும், கிணறு வெட்டுவோரும், நிலத்தை முழம் முழமாக வரைபடத்திற் குறிக்கும் கண்ணிவெடி அகற்றுவோரும், தற்செயலாகக் காணும் காசைத் தேய்க்காமல், இடத்தைக் குறித்துக் காட்டுவதற்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் ஏடும், தராசும், பயிற்சிபெற்ற மாணவரும் வேண்டும். பதிவின் படி ஒன்று ஊரிலேயே இருத்தல் வேண்டும். அறிவித்தவர் தண்டனைக்கு அஞ்சாதிருக்கச் சட்டம் திருத்தப்படல் வேண்டும். பட்டமளிப்பு மேடைகளில் வன்னியின் பெருமை பேசும் புலமையாளர் இதனைச் செய்யத் தவறுவராயின், அப்பெருமையின் சான்றுகளைக் காசு வணிகர் பேழைகளிலேயே தேடவேண்டியிருக்கும். அங்கே காசு இருக்கும், அது கிடந்த ஊரின் பெயர் இராது.