மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு

சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளியில் இல்லங்களுக்கு இடையே கிரிக்கெட் போட்டி நடைபெற்றது. உடற்கல்வி ஆசிரியர் விடுப்பில் இருந்தமையால் நடுவர் பொறுப்பு என்மேல் விழுந்தது. தமிழாசிரியருக்குக் கிரிக்கெட் விதி என்ன தெரியும் என்று எண்ண வேண்டா. கல்லூரி நாள்களில் நானும் பந்து வீசியவன்தான். விக்கெட் வீழ்த்தினேனா என்பது வேறு செய்தி.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பந்து வீச வந்தான். திருச்சி மாவட்டத்திலிருந்து இங்கே பணிபுரிய வந்த பெற்றோரின் மகன். முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான். வலது மணிக்கட்டில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கயிறு. கோடை விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது சமயபுரம் கோயிலில் அவன் பாட்டி வாங்கிக் கட்டியது. ஆட்டம் நடந்ததோ டென்னிஸ் பந்தில். அப்பந்தின் நிறமும் ஏறக்குறைய மஞ்சளே. இரண்டு பந்துகள் ஆனதும் மட்டையாளன் கையை உயர்த்தி, “அந்த நூலைக் கழற்றச் சொல்லுங்கள், ஐயா!” என்று மைதானமே கேட்கும்படி கூவினான். நாலைந்து பேர் சிரித்தனர். ஆட்டம் தடைப்படுகிறதே என்ற அவசரத்தில், “கழற்றிவிடு” என்று நான் ஒரே சொல்லில் முடித்துவிட்டேன்.

முடிச்சு இறுகியிருந்தது. அவன் அதைப் பல்லால் கடித்து அறுத்தான். அறுந்த கயிற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மீண்டும் ஓடி வந்தான். அந்த ஓவரில் மட்டும் மூன்று வைடு பந்துகள். அதன்பின் அணித்தலைவன் அவனுக்குப் பந்து கொடுக்கவில்லை.

நான் செய்தது சரியா? விதிப்படி சரி என்றே முதலில் எண்ணினேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை. ஏன் என்பதைக் கூறவே இக்கட்டுரை.

முதலில் மட்டையாளன் பக்கத்து நியாயத்தைப் பார்ப்போம். ஆடுகளத்தின் நீளம் 22 கெசம். அதாவது 20 மீட்டருக்குச் சற்று அதிகம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படும் பந்து, வீச்சாளரின் கையிலிருந்து மட்டையாளரை வந்தடைய ஏறத்தாழ அரை நொடியே ஆகும். அந்த அரை நொடிக்குள் பந்து எங்கே விழும், எப்பக்கம் திரும்பும் என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். ஆகவே பந்து கையை விட்டு நீங்கும் அந்தக் கணத்திலேயே அதை அவர் கண் பற்றிக்கொள்ள வேண்டும். வீச்சாளரின் கைக்குப் பின்னால் எல்லைக்கோட்டருகே பெரிய திரை நிற்பதைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். சிவப்புப் பந்துக்கு வெண்திரை. வெள்ளைப் பந்துக்குக் கருந்திரை. பந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்கே அவ்வளவு பெரிய ஏற்பாடு. திரையின் நிறத்துக்கே இவ்வளவு கவனம் என்றால், பந்தைப் பிடித்திருக்கும் கையிலேயே பந்தின் நிறத்தில் ஒன்று சுழன்றால் கண் தடுமாறாதா?

இக்கேள்வி ஒருமுறை உலகமே பார்க்க எழுந்தது. 1993 சனவரி 16ஆம் நாள் சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் முத்தரப்புத் தொடரின் முதல் இறுதி ஆட்டத்தில் மோதின. மேற்கிந்திய அணியின் வேகப்பந்து வீச்சாளர் கர்ட்லி ஆம்புரோஸ், ஆன்டிகுவா தீவைச் சேர்ந்தவர். ஆறடி ஏழங்குல உயரம். மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை அணிந்து வீசுவது அவர் வழக்கம். டெஸ்ட் போட்டியில் பந்து சிவப்பு. வெள்ளைப் பட்டையால் எவருக்கும் இடரில்லை. ஒருநாள் போட்டியிலோ பந்து வெள்ளை. ஆஸ்திரேலிய மட்டையாளர் டீன் ஜோன்ஸ் அப்பட்டைகளைக் கழற்றுமாறு கேட்டார். ஆம்புரோசுக்குச் சினம் மூண்டது. வாக்குவாதம் செய்தார். இறுதியில் கழற்றினார். அதன்பின் அவர் வீசிய வேகத்தை இன்றும் பேசுகின்றனர். அந்த ஆட்டத்தில் அவர் 32 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகள் வீழ்த்தினார். மேற்கிந்தியத் தீவுகள் 25 ஓட்டங்களில் வென்றது. சரியாக இரு வாரம் கழித்துப் பெர்த் நகரில் தொடங்கிய டெஸ்ட் போட்டியில் அவர் 32 பந்துகளில் ஒரே ஓட்டம் கொடுத்து 7 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அதையும் பட்டையின் கணக்கில் எழுதுவோர் உண்டு. நான் எழுதமாட்டேன், பெர்த்தின் ஆடுகளமும் அவரது திறமையுமே அதற்குப் போதும்.

இக்கதையைச் சொல்லுவோர் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சொல்லுகின்றனர். உறங்கும் புலியை இடறினால் என்ன ஆகும் பார்த்தீர்களா என்பதே அவர்கள் கண்ட பொருள். எனக்கு அது நிறைவளிக்கவில்லை. கேட்டது நியாயமான கேள்வியா, கேட்ட முறை நியாயமானதா என்ற இரண்டும் அந்தச் சிரிப்பில் மறைந்து போகின்றன. என் கருத்தில் கேள்வி நியாயமானது. வெள்ளைப் பந்தும் வெள்ளைப் பட்டையும் ஒருங்கே சுழல்வது மட்டையாளருக்கு இடையூறே. ஆம்புரோஸ் அதை ஏற்றிருக்க வேண்டும். முணுமுணுப்புடன் என்றாலும் ஏற்றார். ஆனால் ஜோன்சின் நோக்கம் பந்தைத் தெளிவாகக் காண்பது மட்டுமன்று, எதிராளியின் மனத்தைக் குலைப்பதும்தான் என்று பலர் கருதினர். அவ்வாறு கருத இடம் கொடுக்கும் வகையில் கேட்பதே பிழை. நடுவரிடம் அமைதியாகச் சென்று கூறியிருந்தால் அது ஒரு நிமிடச் செய்தியாக முடிந்திருக்கும்.

இங்கே விதிநூலையும் புரட்டிப் பார்க்க வேண்டும். கிரிக்கெட் விதிகளை 1788 முதல் பேணி வருவது இலண்டனில் உள்ள மெரில்போன் கிரிக்கெட் கழகம். அவ்விதிகளின்படி, மூக்குக்கண்ணாடி, அணிகலன் முதலியனவும் ஆட்டக்காரரின் உடையே. அப்படியாயின் பாட்டி கட்டிய கயிறும் உடைதான். பந்தை எதிர்கொள்ளும் நேரத்தில் மட்டையாளரின் கவனம் சிதறினால், அந்தப் பந்தைச் செல்லாததாக்க நடுவருக்கு அதிகாரம் உண்டு. களத்தில் நிற்போர் வேண்டுமென்றே கவனத்தைச் சிதறடித்தால் ஐந்து ஓட்டங்கள் தண்டம். ஆக, மட்டையாளரின் கண்ணைக் காக்க விதி தெளிவாகவே இருக்கிறது. வீச்சாளரின் மனத்தைக் காப்பதோ பெரும்பாலும் ஆட்டப்பண்பின் பொறுப்பு. எழுதப்படாததைத்தான் நாம் கூடுதல் கவனத்துடன் காக்க வேண்டும். ஏனெனில் அதை மீறினால் தண்டம் கேட்க ஆளில்லை.

கையில் கட்டும் துணிக்கும் ஒட்டும் பட்டைக்கும் விதி இன்னும் கடுமையானது. விக்கெட் காப்பாளர் தவிரக் களத்தில் நிற்கும் எவரும் கையுறை அணியக் கூடாது. விரலுக்கோ கைக்கோ பாதுகாப்பாக எதையேனும் அணிய வேண்டுமானால் நடுவர்களின் இசைவு வேண்டும். இது 28ஆம் விதி. வீச்சாளரின் விரலில் ஒட்டிய பட்டையை நடுவர் அகற்றச் சொல்வதைத் தொலைக்காட்சியில் கண்டால் வியப்படையாதீர்கள். விரலில் ஒட்டும் பட்டை பந்தின் பிடியையே மாற்றிவிடும்.

2023 பிப்ரவரியில் நாக்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் போட்டியின்போது இரவீந்திர சடேசா தம் பந்து வீசும் கையின் ஆள்காட்டி விரலில் வலி நீக்கும் களிம்பைத் தடவிக்கொண்டார். வீக்கத்துக்கான மருந்துதான்; பந்தின் தன்மையை மாற்ற அன்று என்பதைப் போட்டி நடுவரும் ஏற்றுக்கொண்டார். ஆயினும் ஆட்ட ஊதியத்தில் 25 விழுக்காடு அபராதம். காரணம் ஒன்றே: களத்திலிருந்த நடுவர்களிடம் முன்னரே கேட்கவில்லை. அந்த இன்னிங்சில் 5 விக்கெட்டுகள் எடுத்துப் பின் மட்டையாலும் 70 ஓட்டங்கள் குவித்தவர் அவர். அபராதம் மிகை என்று அன்று என் வகுப்பில் பலர் வாதிட்டனர். நான் அவர்களுடன் உடன்படவில்லை. நோக்கம் தூயது என்பது நமக்குத் தெரியும். எதிரே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

இதைவிடப் பெரிய பூசல் நம் சென்னைச் சேப்பாக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1977 சனவரியில் டோனி கிரெய்க் தலைமையில் வந்த இங்கிலாந்து அணி அங்கே மூன்றாம் டெஸ்ட் போட்டியில் ஆடியது. சென்னை வெயிலையும் புழுக்கத்தையும் விடுமுறைக்குச் சென்றவர்கள் அறிவீர்கள். இங்கிலாந்தின் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் ஜான் லீவர், வியர்வை கண்ணுக்குள் வழியாதிருக்க வாசலின் தோய்ந்த துணிப்பட்டையை நெற்றியில் ஒட்டிக்கொண்டார். அணியின் உடற்பயிற்சி மருத்துவர் கூறிய யோசனை அது. ஆனால் வாசலினைப் பந்தின் ஒரு பக்கத்தில் தேய்த்தால் அப்பக்கம் பளபளப்பாகும். பளபளப்பான பந்து காற்றில் வளையும். இந்திய அணித்தலைவர் பிஷன் சிங் பேடி வெளிப்படையாக ஐயம் எழுப்பினார். இரு நாடுகளின் கிரிக்கெட் வாரியங்களும் தலையிடும் அளவுக்குச் செய்தி பெரிதாயிற்று. முடிவில் யாருக்கும் தண்டனை இல்லை. ஆனால் லீவரின் பெயருடன் அந்த வாசலின் ஒட்டிக்கொண்டது. பெயரைத் துடைக்கத் துணிப்பட்டை போதவில்லை. களமிறங்கும் முன் நடுவர்களிடம் காட்டிவிட்டு ஒட்டியிருந்தால் இத்தனை பேச்சு எழுந்திருக்காது.

அதே ஆட்டத்தில் பேடியின் தலையிலும் ஒரு துணி இருந்தது: சீக்கியர் அணியும் பட்கா. பல வண்ணப் பட்காக்கள் அணிந்து வீசியவர் என்று பெயர் பெற்றவர் அவர். லீவரின் நெற்றிப் பட்டையை ஐயுற்றவரின் தலைத்துணியை மட்டும் எப்படி ஏற்பது என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். நல்ல கேள்வி. பட்கா பந்துக்கு மெருகேற்றுவதில்லை. பந்தை மட்டையாளரின் கண்ணுக்கு மறைப்பதும் இல்லை. அதைக் கழற்றச் சொல்லக் காரணமே இல்லை. ஒருவர் ஏன் அதை அணிந்திருக்கிறார் என்பதன்று நடுவரின் கேள்வி. அது ஆட்டத்தை என்ன செய்கிறது என்பதே கேள்வி. சமய நம்பிக்கையால் அணிந்தது என்பதற்காகப் பந்தை மறைக்கும் ஒன்றை விட்டுவிடவும் முடியாது. பழக்கமில்லாத பொருளாக நம் கண்ணுக்குத் தோன்றுகிறது என்பதற்காக ஒன்றை அகற்றச் சொல்லவும் கூடாது.

வீச்சாளர் தம் தொப்பியையும் கம்பளிச் சட்டையையும் ஓவர் தொடங்கும்போது நடுவரிடம் கொடுப்பதும், அவர் அவற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதும் இவ்வாட்டத்தின் அழகிய வழக்கங்களுள் ஒன்று. கொரோனாத் தொற்றின்போது 2020இல் அதற்கும் தடை வந்தது. உடையை வாங்கிக் காக்கும் கையும், உடையைக் கழற்றச் சொல்லும் வாயும் ஒருவருக்கே உரியவை என்பதை அப்போதுதான் நான் எண்ணிப் பார்த்தேன்.

இனி எங்கள் மைதானத்துக்கு வருகிறேன். மட்டையாளன் கேட்டது முறையே. மஞ்சள் பந்தும் மஞ்சள் கயிறும் அவன் கண்ணைக் குழப்பியிருக்கலாம். கேட்ட குரல்தான் சரியில்லை. ஆனால் பிழையின் பெரும்பங்கு என்னுடையது. நான் பக்கத்தில் சென்று, “கயிறு தெரியாதபடி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள், தம்பி” என்று கூறியிருக்க வேண்டும். முழுக்கைச் சட்டைதானே! பந்தும் தெரிந்திருக்கும், கயிறும் இருந்திருக்கும். விதி கேட்டது பந்து தெரிய வேண்டும் என்பதை மட்டுமே. கயிற்றை அறுக்கச் சொன்னது விதியன்று, என் அவசரம்.

கழற்றச் சொன்னதும் சினந்து ஐந்து விக்கெட் வீழ்த்த எல்லாரும் ஆம்புரோஸ் ஆக முடியாது. ஊரைவிட்டு வந்து வேற்று மொழிக்கு நடுவே வளரும் பதின்மூன்று வயதுப் பிள்ளை, நாலு பேர் சிரிக்கும்போது மூன்று வைடு வீசுவான். அதுவே இயல்பு. கிரிக்கெட் வரலாறு ஐந்து விக்கெட்டுகளை எழுதி வைத்திருக்கிறது. வைடுகளை எழுதி வைப்பதில்லை.

மறுநாள் இடைவேளையில் அவனை அழைத்து, நான் கூறியது தவறு என்று சொன்னேன். ஆசிரியர் அவ்வாறு கூறுவது அவனுக்குக் கூச்சமாக இருந்தது போலும். தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். கயிறு எங்கே என்று கேட்டேன். வடிவியல் பெட்டியைத் திறந்து காட்டினான். அளவுகோலுக்கும் கவராயத்துக்கும் நடுவே சுருண்டு கிடந்தது. மீண்டும் கட்டிவிடட்டுமா என்றேன். “வேண்டாம் ஐயா, பாட்டிதான் கட்ட வேண்டும்” என்றான். பிறகு போகும்போது திரும்பி, “அறுத்ததைப் பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள்” என்றான்.