பிரிச்சு, சேத்து, மறுபடி பிரிச்ச ஊர்லேர்ந்து ஒரு சாஃப்ட்வேர் புலம்பல்

எங்க ஊர்க்காரங்களுக்கு பிராஞ்ச், மெர்ஜ் எல்லாம் யாரும் க்ளாஸ் எடுக்க வேண்டாம். 1995-ல திருச்சியிலேர்ந்து பெரம்பலூர் தனி மாவட்டம். 2001-ல பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் தனி. 2002-ல மறுபடி ஒண்ணா சேத்தாச்சு. 2007-ல மறுபடியும் தனி. கோடு எங்க போட்டாலும் பட்டாவும் பதிவேடும் கூடவே வந்தாகணும். வரலைன்னா அவதி ஜனங்களுக்குத்தான்.

கூட்டா சாஃப்ட்வேர் எழுதறவங்களுக்கும் இதே கதைதான். டூல் மாறும், கம்பெனி கைமாறும். நம்ம சரக்கு நம்ம கூட வருமா?

இந்தக் கேள்வியை விட்டுட்டு நம்ம பொட்டி தட்டும் மக்கள் என்ன பண்றாங்க? எந்த டூல் நல்லதுன்னு கேட்டா உடனே ஒரு அட்டவணை. நாப்பது வரி, வரிசையா டிக் மார்க். எதுக்கு டிக் ஜாஸ்தியோ அதுக்கு மாலை. அதுல முப்பத்தஞ்சு வசதியை ஒருத்தரும் தொடப்போறதில்லை. கேட்டா, "பெரிய பெரிய கம்பெனியே இதைத்தான் யூஸ் பண்றாங்க பாஸ்"னு பதில் வரும். அய்யா, அவங்ககிட்ட அதைப் பாத்துக்கவே தனியா ஆள் இருக்கு. நம்மகிட்ட யாரு இருக்கா?

நாங்க நாலு பேர் சின்ன வெங்காய வியாபாரிங்களுக்கு ஒரு கணக்கு சாஃப்ட்வேர் எழுதினோம். பேச்சு வார்த்தை முழுக்க ஒரு இலவச அரட்டை டூல்ல. மூட்டைக்கு எவ்வளவு கழிவு எடை, ஏன் அப்படின்னு ஒரு வாரம் அடிச்சுக்கிட்டதும் அதுலதான். ஆறு மாசம் கழிச்சு பழைய பேச்சு எதுவும் கண்ணுல படலை, பாக்கணும்னா காசு கட்டுன்னுச்சு. கோடு கையில இருக்கு, ஏன் அப்படி எழுதினோம்ங்கறது மட்டும் பூட்டின கதவுக்கு அந்தப் பக்கம். ஆனா அந்த டூல் எங்க அட்டவணையில முதல் மார்க் வாங்கினதாக்கும்!

இது எங்க தலையெழுத்து மட்டும் இல்லை. லினக்ஸ் கெர்னல் ஆளுங்க பிட்கீப்பரை நம்பி இருந்தாங்க. 2005-ல அதோட இலவச உரிமம் போச்சு, லினஸ் டோர்வால்ட்ஸ் உக்காந்து கிட் எழுதினார். கூகுள் கோட் 2016-ல கடையைச் சாத்துச்சு. பிட்பக்கெட் 2020-ல மெர்க்குரியலைக் கைவிட்டுச்சு. கிட்ஹப்பை 2018-ல மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்குச்சு. 2019-ல அமெரிக்கத் தடைச் சட்டத்தைக் காட்டி, ஈரான்ல இருந்த டெவலப்பருங்களுக்கு அங்க பாதி கதவு மூடுச்சு. இதுல எது எந்த அட்டவணையில இருந்துச்சு?

2017 ஜனவரி 31-ல கிட்லேப்ல ஒருத்தர் தவறுதலா நிஜ டேட்டாபேஸையே அழிச்சிட்டார். கிட்ல இருந்த கோடு தப்பிச்சுது. சுமார் ஆறு மணி நேரத்து இஷ்யூ, கமென்ட் எல்லாம் போயே போச்சு. பாத்தீங்களா, போனது அங்கயும் பேச்சுதான்!

அதனால அட்டவணையைக் கிழிச்சுப் போட்டுட்டு மூணே கேள்வி கேளுங்க.

ஒண்ணு, நெட் போனா வேலை நிக்குமா? கிட்ல வரலாறு மொத்தமும் நம்ம மெஷின்லயே இருக்கு. கமிட், பிராஞ்ச், மெர்ஜ் எதுக்கும் நெட் வேணாம், அனுப்பவும் வாங்கவும் மட்டும்தான் வேணும்.

ரெண்டு, வெளிய போற கதவு எங்க? கோடு மட்டுமில்லை, பேச்சும் வெளிய வரணும். சேர்ற அன்னைக்கே ஒரு தடவை எல்லாத்தையும் எக்ஸ்போர்ட் பண்ணி, இன்னொரு இடத்துல திறந்து பாருங்க. திறக்கலைன்னா அந்த டூல் வேணாம்.

மூணு, டீம்ல வசதி கம்மியான ஆளால முடியுமா? அரியலூர்ல ரயில் நிக்கும். பெரம்பலூர்ல ஸ்டேஷனே கிடையாது. அரியலூர்க்காரர் டைம்டேபிளைக் காட்டி 'சூப்பர் சர்வீஸ்'னா பெரம்பலூர்க்காரர் என்ன பண்ணுவார்? பழைய லேப்டாப்பும் மொபைல் டேட்டாவும் வச்சிருக்கறவர்தான் அளவுகோல்.

"அப்ப எல்லாத்தையும் சொந்த சர்வர்ல வைக்கணுமா?"ன்னு கேப்பீங்க. வேணாம் சாமி. அதைக் கட்டி மேய்க்கறது இன்னொரு ஆணி. இலவசத்தைத் தாராளமா யூஸ் பண்ணுங்க, வாரம் ஒரு முழு நகல் நம்ம டிஸ்க்குக்கு வரட்டும். முடிவுகளை ஒரு சாதா டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி கோடு கூடவே வைங்க. நாங்க இப்ப அப்படித்தான் பண்றோம்.

சாதா டெக்ஸ்டோட அருமை நமக்குத் தெரியாதா? மதுரைத் திட்டத்து நூல்கள் திஸ்கியிலேர்ந்து யூனிகோடுக்கு வந்து சேந்துச்சே, ஃபைல் அவங்க கையில இருந்ததாலதானே? ஜியோசிட்டீஸ்லயே விட்டு வச்ச பக்கங்க 2009-ல யாகூ கடையை மூடினப்ப என்னாச்சு?

அட்டவணைதான் சரின்னு நினைக்கறவங்க வாங்க, சண்டை போடலாம். வர்றதுக்கு முன்னாடி உங்க டூல்ல எக்ஸ்போர்ட் பட்டன் எங்க இருக்குன்னு மட்டும் தேடிப் பாத்துட்டு வாங்க.