ஒரே ஒரு பிரதி வந்தால் அது அச்சு இல்லையா?

பிரிண்ட்மேக்கிங் பட்டறைகளில் மோனோபிரிண்ட் பற்றி ஒரு வசனம் உண்டு. "இது சும்மா வார்ம்-அப்தாம்பா, நாளையிலேர்ந்து நிஜமான அச்சு பண்ணலாம்." எங்களுக்கும் சொன்னார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மதிப்பெண்ணுக்குக் கொடுக்கும் வேலையில் ஐந்து பிரதி அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க வேண்டுமாம், மோனோபிரிண்ட் கணக்கிலேயே வராதாம். வயிற்றெரிச்சல் அங்கேதான்.

தெரியாதவர்களுக்காக: கண்ணாடியிலோ அக்ரிலிக் ஷீட்டிலோ ரோலரால் மையைப் பரப்ப வேண்டும். துணி, குச்சி, விரல் எதை வைத்தாவது வேண்டாத இடத்து மையைத் துடைத்து எடுக்க வேண்டும். மேலே காகிதத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் ஏறிவிடும். அடுத்த பிரதி அதே போல வராது. (கறாராகச் சொன்னால் இது மோனோடைப். தகட்டில் நிலையான கோடுகள் இருந்து மை பூசும் விதம் மட்டும் மாறினால்தான் மோனோபிரிண்ட். பட்டறைகளில் இரண்டுக்கும் ஒரே பேர்தான், நானும் அப்படியே எழுதுகிறேன்.)

சுலபம், அதனால் மட்டம் என்பது வாதம். செய்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். மை தடிமனானால் கோடெல்லாம் நசுங்கிப் பரவும். மெலிந்தால் காகிதத்துக்கு ஏறாது. அதுவும் தண்ணீர் மை என்றால் சென்னை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, படம் முடிவதற்குள் காய்ந்தே போகும். ரோலர் உருளும்போது ஒரு 'ஸ்ஸ்' சத்தம் வரும் பாருங்கள், அந்தச் சத்தத்தை வைத்தே மை சரியா என்று காது சொல்லும். எத்தனை பக்கம் நோட்ஸ் எடுத்தாலும் இது வராது. பத்து நிமிஷத்துக்கு ஒரு பிரதி எடுத்து, பத்தும் நாசமானால் வரும்.

எட்சிங்கில் மெழுகு பூசி, கீறி, அமிலத்தில் போட்டு, கழுவி, மை திணித்து, பிரஸ்ஸில் விடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். படம் சொதப்பினால் குற்றம் அமிலத்திலா, மையிலா, அழுத்தத்திலா? முதல் வாரத்து மாணவனுக்கு எப்படித் தெரியும்?

சரித்திரத்துக்கு வருவோம். ஜெனோவாவின் காஸ்டிலியோனே 1640களிலேயே இப்படி அச்சிட்டிருக்கிறார். டெகா 1870களின் நடுவில் ஆரம்பித்து முந்நூறுக்கும் மேல் செய்தார். தகட்டில் மிச்சமிருக்கும் மையில் இன்னொரு தடவை, வெளிறிய பிரதி ஒன்று எடுத்து, அதன்மேல் பாஸ்டல் தீட்டுவது அவர் வழக்கம். 2016-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இந்த மோனோடைப்களுக்கென்றே கண்காட்சி வைத்தது. எங்கள் விதிப்படி திருத்தினால் டெகா அரியர் :-)

இந்த 1/5, 2/5 எண் போடும் பழக்கம் மட்டும் ஆதிகாலத்ததா என்ன? ரெம்ப்ராண்ட் எண் போட்டதில்லை. வேண்டுமென்றே தகட்டில் மையை விட்டுவைத்து, பிரதிக்குப் பிரதி வெளிச்சத்தை மாற்றியவர் அவர். எண் பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான், வாங்குகிறவருக்கு 'இதற்கு மேல் அடிக்க மாட்டோம்' என்று உத்தரவாதம் தர. கடைக்காரரின் கணக்கை எடுத்து வந்து மாணவனின் கல்வியை அளக்கிறோம்.

ஐந்தையும் ஒரே மாதிரி எடுப்பது திறமைதான், யார் இல்லை என்றது? அதையும் சொல்லிக் கொடுங்கள். ஆனால் பட்டறை முடிந்ததும் பிரஸ் யார் வீட்டில் இருக்கிறது? எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, உடைந்த போட்டோ சட்டத்துக் கண்ணாடியையும் மெஸ் கரண்டியையும் வைத்து ஹாஸ்டல் அறையில் ராத்திரி ராத்திரியாக முப்பது பிரதி எடுத்தாள் (கடைசியில் சமையல் எண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்பு; கெரசின் வேண்டாம்). முப்பதில் ஒன்றைக்கூட எண்ணவில்லை. கடைசி வாரத்தில் அவசர அவசரமாக லினோவில் ஒரு பூ வெட்டி ஐந்து பிரதி கொடுத்துத்தான் தேறினாள். அந்தப் பூவை அவளுக்கே பிடிக்கவில்லை.

மூன்று ஒற்றைப் பிரதிகளையும் ஒவ்வொன்றின் வெளிறிய இரண்டாம் பிரதியையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மை எங்கே ஏறியது, எங்கே ஏறவில்லை, ஏன் என்று மாணவனைக் கேளுங்கள். பதில் சொல்பவனுக்கு மதிப்பெண் போடுங்கள்.